தில்லியின் காற்றில் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி செய்யலாமா? அன்றாட மன அழுத்தம் அதனால் குறையுமா?

செய்யலாம், குறையும். ஆனால் ஆழ்ந்த மூச்சு என்றதும் நெஞ்சை விரித்து, முடிந்த மட்டும் காற்றை உள்ளே இழுப்பது என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். பலன் இருப்பது மூச்சை மெல்ல விடுவதில்.

சந்தேகமிருந்தால் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவுபடும். நிதானமாக விடும்போது துடிப்புகளுக்கிடையே இடைவெளி கூடும். (வயது ஏற ஏற இந்த வேறுபாடு மங்கிவிடும்.) மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும் வேளையில்தான் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது.

இனி காற்று. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் அரை லிட்டர் காற்றை இழுக்கிறோம். பயிற்சியில் அது 6 முறையாகிவிடும். ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தக் கணக்கு ஏறவில்லை. நவம்பர் புகைமூட்டத்தில், விடியற்காலையில் பூங்காவில் உட்கார்ந்து கபாலபாதி (மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) செய்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. குளிர்காலத்தில் அழுக்குக் காற்று தரையோடு படிந்துகிடக்கும் நேரம் அது. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டிய நாள்களில் சன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள்.

நான் செய்வது மெட்ரோவில். மயூர் விஹாரிலிருந்து ராஜீவ் சௌக் போகும் நீல வழித்தடம். யமுனா பேங்க் தாண்டி வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் ஆரம்பிப்பேன். கூட்டத்துக்குப் பயந்து எல்லாரும் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்கிறோம் அல்லவா, அது வசதியாகப் போயிற்று. மூச்சை இழுக்கும்போது வயிறு பையை முன்னே தள்ளினால் உதரவிதானம், அதாவது நுரையீரலுக்குக் கீழே இருக்கும் தசை, சரியாக இறங்குகிறது. பை அசையாமல் தோள் மட்டும் ஏறினால் அது பதற்ற மூச்சு. மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவேன். மண்டி ஹவுஸில் ஏறுகிறவர்கள் நெருக்கித் தள்ளும்போது எண்ணிக்கை தப்பும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

பூரகம் (இழுப்பது), கும்பகம் (அடக்குவது), ரேசகம் (விடுவது) என்று 1:4:2 கணக்கில் மூச்சை அடக்கும் முறை நம் மரபில் உண்டு. ஆசான் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது வேண்டவே வேண்டாம். அன்றாட எரிச்சலைத் தணிக்க அடக்கவே தேவையில்லை. வேகவேகமாக இழுத்துவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அப்படியானால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

இதனால் வாடகை குறையாது, மேலதிகாரியும் திருந்தமாட்டார். இரவு பதினொரு மணிக்கு அவர் அனுப்பும் மின்னஞ்சலுக்குச் சுடச்சுடப் பதில் எழுதாமல் இருக்க உதவும், அவ்வளவே. வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். நெஞ்சு அடைப்பதுபோல் இருந்தால் மூச்சை எண்ணிக்கொண்டு உட்காராமல் உடனே போங்கள்.