தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்து லயத்தில் பிள்ளைக்கு அடிக்கடி இழுப்பு வருகிறது. புகைதான் காரணமா?

கேள்வி: எங்கள் லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) தேயிலை ஸ்டோருக்கு (தேயிலை ஆலைக்கு) கீழே இருக்கிறது. மறுபக்கம் மரக்கறித் தோட்டம், அடிக்கடி மருந்தடிப்பார்கள். மூன்று வயது மகனுக்குச் சளியும் இழுப்பும் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கின்றன. எது காரணம்? வீடு மாறத்தான் வேண்டுமா?

தங்கச்சி, நீங்கள் சொன்ன இரண்டுக்குமே பங்கு இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதாத ஒன்றைத்தான் நான் முதலில் கேட்பேன். வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது? அடுப்பு எரியும் நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கிறான்?

நான் இலங்கை மலையகத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் சிறுவர் வார்ட்டில் தாதியாக இருக்கிறேன். பிறந்து வளர்ந்ததும் லயத்துக் காம்பராவில், அதாவது லயத்தின் ஓர் அறையில்தான். இழுப்போடு பிள்ளையைக் கொண்டுவரும் தாய்மாரிடம் பேச்சுக்கொடுத்தால் பெரும்பாலும் ஸ்டோர்ப் புகையைத்தான் சொல்வார்கள். அது தூரத்திலிருந்தே தெரிகிறது, வாடை வருகிறது, ஆகவே அதன்மேல் சந்தேகம் வருவது நியாயம். குசினிப் புகையை யாரும் சொல்வதில்லை. பிறந்ததிலிருந்து கூடவே இருப்பதால் அது ஒரு புகையாகவே தோன்றுவதில்லை.

ஸ்டோரின் புகைபோக்கி உயரத்தில் இருக்கிறது. அதிலிருந்து வருவதில் ஒரு பகுதி காற்றோடு கலந்து உங்களை வந்து சேருகிறது. அடுப்பு அப்படியல்ல. பழைய லயத்துக் காம்பரா ஒன்று ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடி. பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் கொடுப்பதற்கு) முன்னால் ரொட்டியும் சோறும் ஆக வேண்டும் என்பதால் இருட்டோடு அடுப்பு மூட்டுவார்கள். குளிருக்குக் கதவைத் திறக்க முடியாது. கவ்வாத்து மலையிலிருந்து கொண்டுவந்த மிலாறு (வெட்டிய தேயிலைக் கிளை விறகு) மழையில் நனைந்திருக்கும், எளிதில் பற்றாது. மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றுவார்கள், இல்லாவிட்டால் ஒரு ஷொப்பிங் பேக்கைப் போட்டுப் பற்றவைப்பார்கள். பிள்ளை அதே காம்பராவில் தூங்குவான், எழுந்து அழுதால் இடுப்பில் ஏறி அடுப்புக்கு நேரே வந்துவிடுவான். நாள் முழுவதிலும் அவன் மிக மோசமான காற்றைச் சுவாசிப்பது அந்த நேரத்தில்தான்.

புகையில் நம்மைப் பயமுறுத்த வேண்டியது கரி அல்ல. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்கள்தான். மூக்கில் தங்காமல் நேரே நுரையீரலின் அடிவரை போகின்றவை அவை. 24 மணிநேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் அவை இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. புகைபோக்கி இல்லாத விறகுக் குசினிகளில் அது பல நூறைத் தாண்டுவதைப் பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2020இல் மட்டும் வீட்டுப் புகையால் ஐந்து வயதுக்குட்பட்ட 2,37,000க்கும் அதிகமான பிள்ளைகள் இறந்ததாக அதே நிறுவனம் கணக்கிடுகிறது. சின்னப் பிள்ளை பெரியவர்களைவிட வேகமாக மூச்சுவிடுகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் நம்மைவிட அதிகக் காற்றை உள்ளே இழுக்கிறது. அதன் நுரையீரலின் காற்றறைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகுதான் உருவாகின்றன. அந்த வயதில் படும் அடி வளர்ந்த பிறகும் கூடவே வரலாம்.

புகைபோக்கி வைத்தால் பலன் உண்டா என்று வார்ட்டில் கேட்பார்கள். நம்மைப் போலவே மலையில் விறகெரிக்கும் குவாத்தமாலா மக்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். புகைபோக்கியுள்ள அடுப்பு கொடுத்த வீடுகளில் நியுமோனியா மொத்தமாகத் தெளிவாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் கடுமையான நியுமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த முடிவு 2011இல் வெளிவந்தது. பிறகு இந்தியா (தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம்) உட்பட நான்கு நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு காஸ் அடுப்பு கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. புகை நன்றாகக் குறைந்தும் பிள்ளைகளின் முதல் வருடத்தில் கடுமையான நியுமோனியா குறையவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அடுப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. கிருமி, ஈரச் சுவர், நெருக்கம், பக்கத்துக் காம்பராப் புகை எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிள்ளையை வார்ட்டுக்குக் கொண்டுவருகின்றன. ஆனாலும் ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளைக்குப் புகை ஆகாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதையெல்லாம் உங்கள் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 அக்டோபருக்கு முன் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய்க்குப் போனது. நாட்சம்பளக் குடும்பம் விறகுக்குத் திரும்பாமல் வேறென்ன செய்யும்? லயமும் உங்களுடையதல்ல. சுவரில் ஒரு புகைபோக்கி வைக்கவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதனால்தான் தாய்மாருக்குப் புத்திமதி மட்டும் சொல்லிவிட்டுப் போகும் கூட்டங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒவ்வொரு குசினிக்கும் ஒரு புகைபோக்கி என்பது நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டிய விஷயம். தனியாகக் கேட்காமல் லயத்தார் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள்.

அதுவரை முடிந்ததைச் செய்யுங்கள். மிலாறை மழைபடாமல் இஸ்தோப்பிலோ (முன் திண்ணையிலோ) பரணிலோ அடுக்கி நன்றாகக் காயவிடுங்கள், ஈர விறகுதான் அதிகம் புகையும். ஷொப்பிங் பேக், செருப்புத் துண்டு, டயர்த் துண்டு எதையும் அடுப்பில் போடவே வேண்டாம். அனகி என்ற களிமண் விறகடுப்பு விறகை மிச்சம் பிடிக்கும், புகையையும் ஓரளவு குறைக்கும், ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை என்பதால் பின்கதவு திறந்திருக்க வேண்டும். அடுப்பு பற்றி அனல் பிடிக்கும்வரை பிள்ளை அடுத்த காம்பராவில், கம்பளிக்குள் இருக்கட்டும். அப்புறம், குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவதை இந்தப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். ஆச்சிமார் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள், கேட்டால் எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார்.

இனி மருந்தடிப்பது. மரக்கறித் தோட்டங்களில், முக்கியமாக மழைக்காலத்தில், பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அடிக்கடி அடிக்கிறார்கள். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளைக் கர்ப்பத்திலிருந்தே பின்தொடர்ந்து பார்த்தார்கள். தாயின் உடலில் ஒரு வகைப் பூச்சிமருந்தின் எச்சம் மிக அதிகமாக இருந்த பிள்ளைகளுக்கு ஏழு வயதில் அறிவுத்திறன் புள்ளி, மிகக் குறைவாக இருந்தவர்களைவிடச் சராசரியாக ஏழு குறைவு. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கந்தகத் தூள் அதிகம் அடித்த இடங்களில் பிள்ளைகளின் நுரையீரல் வலுவும் குறைந்திருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, உங்கள் மகனின் இழுப்புக்கு இதுதான் காரணம் என்று காட்டவில்லை. ஆனாலும் ஒரு தாய் எச்சரிக்கையாக இருக்க இவ்வளவு போதும்.

என்றைக்கு அடிக்கப்போகிறார்கள் என்று தோட்டக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான், கேட்டால் சொல்வார்கள். காற்று உங்கள் பக்கம் அடிக்கும்போது அடிக்க வேண்டாம் என்றும் கேட்கலாம். அன்றைக்கு ஜன்னலை மூடி, காயப்போட்ட துணியை உள்ளே எடுத்துவிடுங்கள். வீட்டில் யாராவது மருந்தடிக்கும் வேலைக்குப் போனால் உடுப்பை வெளியே கழற்றித் தனியாகத் துவைத்து, குளித்த பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். ஸ்டோரில் தூசி பறக்கும் இடத்தில் வேலை செய்பவருக்கும் இதே கதைதான். தேயிலைத் தூசியால் ஆஸ்துமா வரும் என்று நம் நாட்டு டாக்டர் ஊரகொட 1970இலேயே எழுதிவிட்டார்.

ஸ்டோர்ப் புகையையும் சும்மா விடச் சொல்லவில்லை. கொழுந்தைக் காயவைக்கும் வெப்பம் பெரும்பாலும் விறகிலிருந்துதான் வருகிறது. மூட்டும் நேரத்தில் நெருப்பு சூடாகாததால் புகை கறுப்பாக வரும். தெளிந்த வானமும் காற்றில்லாத குளிரும் உள்ள இரவில் கீழே குளிர்காற்று, மேலே சூடான காற்று என்று ஆகிவிடும். புகை மேலே போக வழியில்லாமல் பள்ளத்திலேயே படுத்துவிடும். உங்கள் லயம் ஸ்டோருக்குக் கீழே என்பதால் வெயில் ஏறும்வரை பிள்ளையை வெளியே விளையாட விடாதீர்கள். துணியில் கரி விழுகிறதென்றால் எந்த நாள், எத்தனை மணி என்று குறித்து, போனில் படம் எடுத்து வையுங்கள். ஆலைகள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெற்றுத்தான் இயங்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் அந்தக் குறிப்போடு முறையிடலாம்.

மகனை ஒரு தடவை சிறுவர் கிளினிக்கில் முறையாகக் காட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் டிஸ்பென்சரியில் சளிப்பாணி வாங்கி முடித்துக்கொள்ள வேண்டாம். பம்ப் (வாயால் இழுக்கும் இன்ஹேலர் மருந்து) கொடுத்தால் பயப்படாதீர்கள். பம்ப் போட்டால் அதற்கே பழகிவிடும் என்று லயத்தில் சொல்வார்கள், அது உண்மையல்ல. தினமும் போடச் சொன்ன பம்பைப் பிள்ளை நன்றாக இருக்கும் நாளிலும் போட வேண்டும். அதை நிறுத்திவிட்டுத் திரும்பவும் இழுப்போடு வரும் பிள்ளைகளைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

பிள்ளை அழாமல் இருக்கும்போது மார்பைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு, அன்றைக்கே காட்ட வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே, இரண்டு மாதம் கடந்த குழந்தைக்கு அந்தக் கணக்கு 50. விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தால், உதடு நீலமானால், தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் துவண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

வீடு மாறுவது பற்றிக் கேட்டீர்கள். தோட்டத் தொழிலாளருக்கான தனி வீட்டுத் திட்டத்தில் பெயர் இருந்தால் விடாதீர்கள், குசினி தனியாக அமைந்தால் அதுவே பெரிய காரியம். வேறொரு லயத்துக்கு மாறி அங்கேயும் காம்பராவுக்குள்ளேயே அடுப்பு என்றால் அந்தச் செலவு வீண். முதலில் இந்த அடுப்பை ஒழுங்குபடுத்தி, கிளினிக்கில் சொன்ன மருந்தையும் விடாமல் கொடுத்து, மூன்று மாதம் பாருங்கள். எந்த நாளில் இழுப்பு வந்தது, அன்றைக்கு ஸ்டோர் புகைந்ததா, மருந்தடித்தார்களா என்று ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக்குக்குப் போகும்போது கொண்டுபோங்கள்.