விழித்திரை ரத்தக்குழாய்க் கோளாறுக்கு மாத்திரை இல்லையா, ஏன் கண்ணுக்குள்ளேயே ஊசி?

காரணம், தடுக்க வேண்டிய பொருள் உடம்பு முழுக்கத் தேவைப்படுவதுதான்.

சர்க்கரை நோயால் விழித்திரைக்கு ஆக்சிஜன் குறையும்போது, அது விஇஜிஎஃப் என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. புதுக் குழாய்கள் முளைக்கின்றன. ஆனால் அவை பலவீனமானவை, கசியும், உடையும். வயதால் விழித்திரையின் மையப் பகுதியான மாகுலாவில் குழாய்கள் கசிந்து வரும் ஈர மாகுலா சிதைவிலும் இதே புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதே விஇஜிஎஃப்தான் காயம் ஆறவும் சிறுநீரகம் சீராக இயங்கவும் உதவுகிறது. உடல் முழுக்க அதை முடக்குவது ஆபத்து. மேலும் அதைத் தடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை புரதங்கள்; விழுங்கினால் செரித்துவிடும்.

1989-ல் விஞ்ஞானி நெப்போலியோன் ஃபெராரா குழு இப்புரதத்தைப் பிரித்தெடுத்தது. அதைத் தடுக்கும் பெவாசிசுமாப் 2004-ல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கண்ணுக்காக, ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தின் சிறு துண்டாக வடிவமைத்த ரானிபிசுமாப் 2006-ல் வந்தது. என் பார்வையில் உண்மையான திருப்பம் இதுதான்: அதுவரை பார்வை இழப்பைத் தாமதப்படுத்தத்தான் முடிந்தது, இதனால் பலருக்குப் பார்வை மேம்பட்டது.

குறை, மருந்தின் வேகம் சில வாரங்களில் தணிந்துவிடும். 2022-ல் வந்த ஃபாரிசிமாப் ஆஞ்சியோபாய்டின்-2 என்ற இன்னொரு புரதத்தையும் தடுப்பதால், சிலருக்கு நான்கு மாதம்வரை இடைவெளி விடலாம். தயவுசெய்து, மருத்துவர் சொன்ன தவணையை மட்டும் தவறவிடாதீர்கள்.