‘லேட்டஸ்ட்’ என்பது பதிப்பு எண் அல்ல: சிப் ஐபி கேள்வி-பதில்

கே: எங்கள் ஜிடிஎஸ் (சிப்பின் வரைவடிவம், அதாவது லேஅவுட், அடங்கிய கோப்பு) 3 ஜிபி. கிட்டில் (கோப்புகளின் எல்லாப் பதிப்புகளையும் காக்கும் மென்பொருள்) போட்டதிலிருந்து குளோன், அதாவது களஞ்சியத்தின் முழு நகல், எடுக்கவே அரை நாள் ஆகிறது. என்ன வழி?

ப: ஜிடிஎஸ் ஒரு பைனரி. அதை ஜிசிப்பால் சுருக்கி வேறு வைத்திருந்தால், நாலு பாலிகன் நகர்ந்தாலும் கிட்டத்தட்ட முழுக் கோப்பும் மறுபடி சேரும். பத்து வெளியீட்டுக்கு 30 ஜிபி. குளோன் எடுக்கும் ஒவ்வொருவரும் அதைச் சுமக்க வேண்டும். ஆர்டிஎல் (சுற்றை விவரிக்கும் நிரல்), கன்ஸ்ட்ரெய்ன்ட் (டைமிங் போன்ற வரம்புகள்), ஸ்கிரிப்ட் எல்லாம் கிட்டிலேயே இருக்கட்டும். பெரிய பைனரிகளை எல்எஃப்எஸ்ஸிலோ (பெரிய கோப்புகளுக்கான கிட் துணைக்கருவி) பெர்ஃபோர்ஸ் போன்ற மையக் களஞ்சியத்திலோ வையுங்கள். ஏற்கெனவே உள்ளே போனதை எல்எஃப்எஸ் மைக்ரேட் வெளியே எடுத்துத் தரும். ஆனால் அது வரலாற்றையே திருத்தி எழுதுவதால் கமிட் ஹாஷ்கள் (ஒவ்வொரு பதிவின் அடையாள எண்) மாறிவிடும். பழைய ஹாஷுக்குப் புதிய ஹாஷ் எது என்ற பட்டியலைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். டேப்-அவுட் (சிப்பை உற்பத்திக்கு அனுப்புவது) ஆவணத்தில் இருப்பது பழைய ஹாஷ்தான்.

கே: எல்எஃப்எஸ்ஸுக்கு மாறினோம். இப்போது ஜிடிஎஸ் கெட்டுப்போய்விட்டது என்கிறது லேஅவுட் கருவி. கோப்பு 130 பைட்தான் இருக்கிறது.

ப: கெடவில்லை. உங்களிடம் இருப்பது சுட்டிக் கோப்பு, உண்மைக் கோப்பு எது என்று மட்டும் சொல்லும் சிறு உரை. உரை எடிட்டரில் திறந்தாலே தெரியும். அந்தக் கணினியில் எல்எஃப்எஸ்ஸை நிறுவி ‘கிட் எல்எஃப்எஸ் புல்’ கொடுங்கள்.

கே: நேற்று வரை எல்விஎஸ் (லேஅவுட்டும் சுற்று வரைபடமும் பொருந்துகின்றனவா என்ற சோதனை) சுத்தம். இன்று 300 பிழை. யாரும் எதையும் மாற்றவில்லை. எல்லா ஐபியும் (சிப்பில் சேர்க்கும் ஆயத்த வடிவமைப்புப் பகுதிகள்) ‘லேட்டஸ்ட்’ இணைப்பிலிருந்துதான் வருகிறது.

ப: யாரும் மாற்றவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘லேட்டஸ்ட்’ என்கிறீர்கள். அந்த இணைப்பு நேற்று இரவு வேறு பதிப்புக்கு நகர்ந்திருக்கும். இதே கேள்வி வேறு வேறு வேடத்தில் வந்துகொண்டே இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்ட் மேக்ரோ, அதாவது லேஅவுட் வரை முடித்துத் தரப்படும் ஐபி, ஒற்றைக் கோப்பு அல்ல. ஜிடிஎஸ், லெஃப் (பின்களின் இடம் காட்டும் சுருக்க வடிவம்), கார்னருக்கு (மின்னழுத்தம், வெப்பநிலை போன்ற நிலைமைகளின் சேர்க்கை) ஒன்றாக லிபர்ட்டி (டைமிங் விவரம்), வெரிலாக் மாடல், சிடிஎல் நெட்லிஸ்ட் (சுற்றின் இணைப்புப் பட்டியல்) எல்லாம் சேர்ந்த மூட்டை அது. ரவுட்டர் (கம்பிப் பாதை போடும் கருவி) பார்ப்பது லெஃப்பை. கடைசியில் ஒட்டுவது ஜிடிஎஸ்ஸை. லெஃப் 2.3-இலிருந்தும் ஜிடிஎஸ் 2.4-இலிருந்தும் வந்து, இடையில் ஒரு பின் ஒரு டிராக் தள்ளிப்போயிருந்தால், பின் இல்லாத இடத்தில் கம்பி போய் நிற்கும். எல்விஎஸ் அதைப் பிடித்தது உங்கள் நல்ல நேரம். பழைய லிபர்ட்டி சிக்கியிருந்தால் எந்தப் பிழையும் வராது. டைமிங் பச்சையாகவே காட்டும், சிலிக்கானில்தான் விழும்.

செய்ய வேண்டியது: மூட்டை முழுவதற்கும் ஒரே பதிப்பு எண். வெளியிட்ட பின் அடைவை வாசிக்க மட்டும் பூட்டுங்கள். சிப்பின் மேல்மட்டக் களஞ்சியத்தில் ஓர் உரைக் கோப்பு வைத்து, ஐபி பெயர், பதிப்பு, ஷா-256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹாஷ்) என்று வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். கிட்டில் உள்ளவற்றுக்குக் கமிட் ஹாஷ் எழுதுங்கள், கிளைப் பெயர் வேண்டாம். ரன் தொடங்குமுன் ஸ்கிரிப்ட் இதைச் சரிபார்க்கட்டும். பொருந்தாவிட்டால் அங்கேயே நிற்கட்டும். புதிய பதிப்பு வேண்டுமென்றால் ஒரு வரி மாறும். மாற்றியது யார் என்பதும் பதிவாகும்.

இன்னொன்று: 2.4-இல் தவறு கண்டால் அடுத்தது 2.4.1. அதே டேகை (கிட்டில் பதிப்புக்கு இடும் பெயர்) நகர்த்தாதீர்கள். முன்பே இழுத்தவரிடம் பழையது, இன்று இழுப்பவரிடம் புதியது, இருவரும் சொல்வது ‘2.4’. வெளியிட்ட எண்ணைத் தொடாதீர்கள்.

கே: ஒரே லேஅவுட்டை இருமுறை ஜிடிஎஸ்ஸாக எடுத்தோம். ஹாஷ் பொருந்தவில்லை. யாராவது கைவைத்திருப்பார்களா?

ப: ஜிடிஎஸ்ஸின் தலைப்பிலும் ஒவ்வொரு செல்லின் தொடக்கத்திலும் தேதி-நேரம் எழுதப்படுகிறது. ஹாஷ் மாற அதுவே போதும். வடிவங்களை ஒப்பிட எக்ஸார் (இரண்டு லேஅவுட்டில் வேறுபடும் இடங்களை மட்டும் காட்டும் கணக்கு) போடுங்கள். கேலேஅவுட் என்ற லேஅவுட் மென்பொருளிலேயே அதற்குக் கருவி உண்டு. வெளியிட்ட கோப்பை மறுபடி உருவாக்காமல் அதையே பயன்படுத்தினால் இந்தச் சந்தேகமே வராது.

கே: வாங்கிய ஆர்டிஎல் ஐஇஇஇ 1735 (ஐபி குறியாக்கத்துக்கான தரம்) முறையில் குறியாக்கம் செய்யப்பட்டது. எல்லோருக்கும் திறந்த களஞ்சியத்தில் வைக்கலாமா?

ப: கூடாது. அந்தத் தரத்தின் பலவீனங்கள் 2017-இல் வெளியாகின. மூல நிரலை மீட்கும் வழியும் அவற்றில் உண்டு. தவிர, கிட்டில் அடைவுக்கு அடைவு வாசிப்பு உரிமை பிரிக்க முடியாது. குளோன் எடுத்தவருக்கு எல்லாம் போகும். வாங்கிய ஐபி, பிடிகே (சிப் ஆலை தரும் வடிவமைப்புத் தொகுப்பு) ஒவ்வொன்றுக்கும் தனிக் களஞ்சியம், தனிப் பெயர்ப்பட்டியல் வையுங்கள். உரிமத்தில் எத்தனை சிப், எந்தத் தளம் என்ற வரம்பு இருக்கும். அதையும் அதே மூட்டையில் எழுதி வையுங்கள். தவறிப்போய்த் திறந்த இடத்தில் போட்டுவிட்டால், அடுத்த கமிட்டில் நீக்குவது நீக்கமே ஆகாது, பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும்.

கே: ஐபி-எக்ஸாக்ட் (ஐபியின் விவரங்களை எழுதி வைக்கும் தர வடிவம்) அவசியமா?

ப: ஐந்தாறு ஐபி என்றால் வேண்டாம். ஆனால் விற்பவர், நூலகம், பெயர், பதிப்பு என்ற அதன் நான்கு-பகுதி அடையாளத்தை இன்றே பின்பற்றுங்கள். பெயரோ பதிப்பு எண்ணோ மட்டும் இருந்தால் நாளை இன்னொரு ஐபியோடு மோதும்.

கே: ஒரு பிஎல்எல்-இல் (கடிகாரத் துடிப்பை உருவாக்கும் ஐபி) பிழை. எந்தெந்தச் சிப்பில் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: மேலே சொன்ன உரைக் கோப்பு இருந்தால் ஒரு தேடல். இல்லையென்றால் டேப்-அவுட் ஜிடிஎஸ்களைத் திறந்து செல் பெயர்களைத் தேடுங்கள், பெயர் மாற்றப்படாமல் இருந்தால்.

கே: எந்த ரிப்பாசிட்டரி மென்பொருள் நல்லது? உடனே பதில் தேவை.

ப: எத்தனை பேர், எத்தனை ஜிபி, எத்தனை ஊர்? அனலாகா, டிஜிட்டலா? எழுதுங்கள், பார்க்கலாம்.