அம்மம்மா சொல்லும் மருத்துவிச்சியை அழைக்கலாமா?

கேள்வி: எனக்குத் தலைப்பிள்ளை, இப்போது ஆறு மாதம். கிளினிக் ஒழுங்காகப் போய் வருகிறேன். எங்கள் ஊரில் எண்பது வயதை எட்டிய மருத்துவிச்சி ஒருவர் இருக்கிறார். அம்மாவையும் மாமாமாரையும் வீட்டில் வைத்துப் பிறப்பித்தவர் அவர்தான். அவரை இப்போதே கூப்பிட்டு வயிறு தடவிக்கொள்ள வேண்டும், பிள்ளை பிறந்த பின்னும் அவரே பார்க்க வேண்டும் என்று அம்மம்மா பிடிவாதமாக நிற்கிறார். கணவருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. நான் யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, கரவெட்டி)

பதில்: பிரசவம் வைத்தியசாலையில்தான் நடக்க வேண்டும் என்பதில் உங்கள் கணவரின் பக்கமே நான் நிற்கிறேன். ஆனால் அந்த மருத்துவிச்சி அம்மாவை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்துவதற்கு எனக்குச் சம்மதமில்லை.

யாழ்ப்பாணத்தில் மருத்துவிச்சி என்பவர் பிள்ளையை ஏந்துபவர் மட்டுமல்லர். நோவு தொடங்கியது முதல் துடக்குக் கழியும் முப்பத்தொன்றாம் நாள் வரை ஒரே முகமாகத் தாயின் அருகில் இருந்தவர் அவர். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த இப்பெண்களை, மற்ற நாட்களில் முற்றத்தைத் தாண்ட விடாத வீடுகளும் நடுச்சாமத்தில் அரிக்கன் லாம்போடு போய் அழைத்து வந்தன. கூலியாகக் கொஞ்சம் அரிசியும் ஒரு சேலையும் கொடுத்தன. அம்மம்மாவின் பிடிவாதத்தில் அந்த நன்றிக்கடனும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

நம் ஊருக்கு வைத்தியசாலைப் பிரசவம் நேற்று வந்ததல்ல. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான வைத்தியசாலை எழுந்தது. இருந்தும் நெடுங்காலம் ஊர்ப்பெண்கள் மருத்துவிச்சியின் கையையே நம்பினார்கள். 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை ஏறத்தாழ முப்பது. பயிற்சி பெற்ற அரச மருத்துவிச்சியான குடும்பநல உத்தியோகத்தர், ஊருக்கு ஊர் கிளினிக், இரத்த வங்கி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, மலேரியாக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்துதான் இதைச் சாதித்தன. பழைய மருத்துவிச்சிமார் கைராசி இல்லாதவர்கள் என்பதல்ல இதன் பொருள். இரத்தம் பெருகும்போது அவர்கள் கையில் எதுவுமே இருக்கவில்லை.

பிள்ளை பிறந்த பின் கருப்பை சுருங்காமல் போனால், சற்று முன்வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெண் இரண்டு மணித்தியாலத்துக்குள் இறந்துவிடக்கூடும். வைத்தியசாலையில் பிள்ளை பிறந்தவுடனேயே ஒக்சிரோசின் ஊசி போடுவது அதைத் தடுக்கத்தான். இரத்த அழுத்தமும் அப்படியே: எவ்வளவு அனுபவமுள்ள விரலுக்கும் அது தட்டுப்படாது. கடுமையான தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு, முகவீக்கம், நீர் அல்லது இரத்தம் போதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் யாரிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டிராமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இப்போது வயிறு தடவுவதைப் பற்றிச் சொல்கிறேன். கால், முதுகு, இடுப்பை இளஞ்சூட்டு எண்ணெயால் மெல்லத் தடவுவதில் தவறில்லை. வயிற்றை அழுத்துவதும், குறுக்கே கிடக்கும் பிள்ளையைக் கையால் திருப்ப முயல்வதும் கூடவே கூடாது. நச்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. நோவு வரட்டும் என்று ஆமணக்கெண்ணெய் குடிக்கக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள்.

பணியில் சேர்ந்த காலத்தில், வயதான மருத்துவிச்சி ஒருவர் பிள்ளைபெற்ற பெண்ணின் காலைத் தடவுவதைப் பார்த்திருக்கிறேன். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். எண்ணெயை நேரே காலில் ஊற்றவில்லை. தன் உள்ளங்கையில் விட்டு, விளக்குச் சுடரருகே பிடித்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகே தொட்டார். தொப்புள்கொடியின் துடிப்பு அடங்கும்வரை தான் வெட்டுவதில்லை என்றும் அன்று சொன்னார். அதை அவசரப்பட்டு வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்கிறது. பாரம்பரிய மருத்துவிச்சியைப் பயிற்சி பெற்ற பிரசவப் பணியாளராக அந்நிறுவனம் கணக்கிடுவதில்லை. ஆனால் நோவின்போது தாய்க்கு விருப்பமான ஒருவர் கூட இருப்பதை வலியுறுத்துகிறது. பிரசவ விடுதிக்குள் பெண் துணையை அனுமதிக்கும் முறை இடத்துக்கிடம் வேறுபடுவதால், அடுத்த கிளினிக்கிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிறந்து வீடு திரும்பிய பின்தான் அந்த அம்மாவுக்கு நிறைய வேலை இருக்கிறது. மிளகு, மல்லி, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி சேர்த்துச் சரக்கரைத்த கறியும், பால்சுறாவும், முருங்கையிலையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். புரதமும் இரும்புச்சத்தும் கிடைக்கும். ஆனால் பத்தியம் என்ற பெயரில் மரக்கறியையும் பழத்தையும் விலக்க வேண்டாம். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையையும் நிறுத்த வேண்டாம். "பச்சை உடம்பு" என்று தண்ணீரைக் குறைப்பதுதான் எனக்கு மிகவும் கோபமூட்டும் வழக்கம். பால் கொடுக்கும் தாய் தாகம் தீரக் குடிக்கத்தான் வேண்டும். நீர் வற்றி, கட்டிலோடு கிடந்தால் காலில் இரத்தம் உறையவும் இடமுண்டு. நொச்சியும் பாவட்டையும் அவித்த நீரில் குளிக்கலாம், பொறுக்கும் சூட்டில். சத்திரசிகிச்சைக் காயமிருந்தால் அதில் எண்ணெயும் இலைச்சாறும் படக்கூடாது. வயிற்றை இறுக்கிக் கட்டவும் கூடாது.

பிள்ளைக்கு முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே. சீனித்தண்ணீர், தேன் எதுவும் நாவில் வைக்க வேண்டாம். தொப்புளில் சாம்பலோ மஞ்சளோ பூச வேண்டாம். தாயும் பிள்ளையும் படுக்கும் அறையில் சாம்பிராணிப் புகை போடுவதையும் கரி நெருப்பு வைப்பதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, அந்த அம்மாவையும் அழைத்து இருவரையும் ஒரே விறாந்தையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுங்கள். யார் எதைச் செய்வது என்பதை அம்மம்மாவின் முன்னிலையிலேயே பேசி முடிவெடுத்துவிடலாம். எட்டாம் மாதம் பிறப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள்.