வீட்டு ஸ்டூடியோவில் பாட்டை மிக்ஸ் செய்ய (குரல், வாத்தியங்களின் அளவைச் சரிசெய்து ஒன்றாக்க) 8 அங்குலக் கூம்புள்ள மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கலாமா, 5 அங்குலம் போதுமா? வாங்கியபின் எப்படி வைப்பது?

கேள்வியைப் படித்ததுமே உங்கள் அறை கண்ணில் தெரிகிறது. படுக்கையறை, சுவரோரம் மேசை, ஒரு கட்டில், ஒரு பீரோ. அப்படியென்றால் 5 அங்குலமே தாராளம். 8 அங்குலம் தரும் கூடுதல் பேஸ், அதாவது அடி ஒலி, சின்ன அறையில் காதுக்கு ஒழுங்காக வந்து சேராது. பெரிய அறையும் அதற்குத் தக்க அக்கவுஸ்டிக் (அறை ஒலியைச் சீராக்கும்) வேலையும் இருந்தால் நானே 8 என்றுதான் சொல்வேன், ஆகவே சண்டைக்கு வர வேண்டாம்.

நண்பர் ஒருவர் 8 அங்குல ஜோடியை வாங்கிவிட்டு, பேஸே வரவில்லை, ஸ்பீக்கர் பழுது என்று திருப்பி அனுப்பக் கிளம்பினார். பேஸ் கேட்காததால் மிக்ஸில் அதை ஏற்றிக்கொண்டே போயிருந்தார். அதே பாட்டைக் காரில் போட்டால் கதவெல்லாம் அதிர்ந்தது. போய்ப் பார்த்தேன். 3 மீட்டருக்கு 3 மீட்டர், அச்சு அசல் சதுர அறை. நாற்காலி நட்டநடுவில்.

57 ஹெர்ட்ஸ் சைன் அலையை, அதாவது ஒரே சீரான அடி ஒலியை, ஓடவிட்டு அவரை அறைக்குள் நடக்கச் சொன்னேன். அதென்ன 57? ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்த நீளத்தில் அறை முதலில் முழங்கும் அலைவரிசை கிடைக்கும். சதுர அறையில் அகலத்துக்கும் அதே எண் வருவதால்தான் சதுரம் என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். கதவுப் பக்க மூலையில் அவர் நின்றபோது ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், குழாயை மூடியதுபோல் சத்தம் அடங்கிவிட்டது. அறையின் நட்டநடுவில் சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையை அழித்துவிடுகிறது. எதிரே ஸ்பீக்கர் கூம்பு மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது! நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளினால் கேட்கிறது, பழைய இடத்துக்கு வந்தால் இல்லை. மனிதர் அப்புறம் பழுது என்ற பேச்சையே எடுக்கவில்லை.

மேசையை முன்சுவர் பக்கம் நகர்த்தினோம். காது, முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத்தில், அங்கே சுமார் 1.15 மீட்டரில் வருமாறு. 38 ஒன்றும் வேதவாக்கு இல்லை. அங்கே தொடங்கி ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்திக் கேளுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும், ஹை எனும் கூர்மையான ஒலியைத் தரும் சின்னக் கூம்பான ட்வீட்டர் காது உயரத்தில். இடவலமாக மட்டும் நடுவில்தான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீரியோ ஒரு பக்கம் சாயும். சுவரை நெருங்கியதும் ஸ்பீக்கரில் பேஸ் ஏறியது. ஸ்பீக்கரின் பின்னால் இருந்த ஸ்விட்சில் லோவை, அதாவது பேஸை, குறைத்தோம். அது அதற்காகத்தான் இருக்கிறது, பலர் தொடுவதே இல்லை.

ஈக்யூ (அலைவரிசைவாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதி) போட்டிருந்தால் போதுமே என்று யாராவது கேட்பார்கள். ஒலி பெருகும் மேட்டை ஈக்யூவில் வெட்டலாம். ஒலி அடங்கும் பள்ளத்தை நிரப்ப முடியாது. நேராக வரும் அலையை ஏற்றினால், சுவரில் பட்டுத் திரும்பி வந்து அதை அழிக்கும் அலையும் அதே அளவுக்கு ஏறும்.

பக்கச் சுவருக்கு ஒரு எளிய வழி: நீங்கள் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்தட்டும். அதில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே ஒலியை உறிஞ்சும் பேனல் வேண்டும். 10 சென்டிமீட்டர் தடிமனில் ராக்வுல் (கல்லிலிருந்து செய்த பஞ்சு) நல்லது. மெல்லிய ஃபோம் ஹை ஒலியை மட்டும் தின்றுவிட்டு பேஸை அப்படியே விட்டுவிடும். சிலர் சுவரில் ஒட்டும் முட்டை அட்டையைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

எந்த பிராண்ட் என்று தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டூடியோப் படங்களில் வெள்ளைக் கூம்போடு தெரியுமே, யமஹா என்எஸ்-10, அது 1978-இல் வீட்டில் பாட்டுக் கேட்க வந்த ஸ்பீக்கர். பேஸ் குறைவு, ஹை காதைக் குத்தும். ட்வீட்டர்மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டிக்கூட வேலை பார்த்தார்கள். ஆனால் அந்நாளில் பல ஸ்டூடியோக்களில் அது இருந்தது, காதுக்குப் பழகியிருந்தது. 2001-இல் உற்பத்தி நின்ற பிறகும் தேடி வாங்குகிறார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு எரிச்சல். இவ்வளவு மெனக்கெட்டு மிக்ஸ் செய்து கொடுத்தால், பாட்டு வெளியாகும்போது போஸ்டர் டிசைன் செய்தவர், லைட் பிடித்தவர், டீ கொடுத்த தம்பி வரை பெயர் போடுகிறார்கள், போடட்டும், சந்தோஷம். மிக்ஸ் செய்தவன் பெயர் மட்டும் இருக்காது. கேட்டால் "அடுத்த பாட்டுல போட்டுரலாம் ப்ரோ". அடுத்த பாட்டு வேறு யாரிடமோ போயிருக்கும். சரி, அது வேறு கதை.

அறையின் நீளம், அகலம், உயரம், கதவு எந்தப் பக்கம், மேசை எந்தச் சுவரில் என்று எழுதுங்கள், எங்கே உட்காரலாம் என்று சொல்கிறேன். இரண்டு மாடல் பெயரை மட்டும் போட்டு எது பெஸ்ட் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.