வீட்டுப் பத்திரத்தை வைத்து எம்.எஸ். எதற்கு?

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து மகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க வந்த தம்பதி, மகளை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்கள். மகள் மெக்கானிக்கல் இறுதியாண்டு. நியூஜெர்சியில் இருக்கும் அத்தை மகன், "இங்க அமெரிக்காவுக்கு வந்து டேட்டா சயின்ஸ்ல எம்.எஸ். பண்ணச் சொல்லுங்க மாமா" என்று நச்சரிக்கிறானாம். வீட்டை அடமானம் வைத்து 45 லட்சம் கடன் வாங்க வேண்டும். மகளோ, விமான இறக்கையில் பனி உறைவதைக் கணினியில் கணக்கிடும் ப்ராஜெக்ட் செய்திருக்கிறாள். மேலே அதையே படிப்பேன் என்கிறாள். "அது சோறு போடுமா சார்?" என்று கேட்டார் அப்பா.

போடும். பயப்பட வேண்டியது அந்த 45 லட்சத்துக்குத்தான். படிப்பு முடிந்ததும் அங்கே வேலை விசா கிடைப்பது குலுக்கலைப் பொறுத்தது. கிடைக்காமல் திரும்பினால், ரூபாய்ச் சம்பளத்தில் அந்தக் கடனுக்குத் தவணை கட்டுவது யார்? அத்தை மகன் கட்ட மாட்டார். அதுவும் பெண்ணுக்கு விருப்பமே இல்லாத படிப்புக்கு!

சரி, அவள் பிடித்திருக்கும் விஷயம் என்ன? மேகத்துக்குள் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகள் இருக்கும். இறக்கையின் முன்விளிம்பில் மோதியதும் அவை உறையும். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே ஏடிஆர்-72 என்ற வகைப் பயணிகள் விமானம் ஒன்று விழுந்து 68 பேர் இறந்ததற்குக் காரணம், இறக்கையில் பனிநீக்கும் ரப்பர் பட்டைக்குப் பின்னால் வரம்பாகக் கட்டிய பனி. அவ்வளவு பனிகூட வேண்டாம். உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பு வந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவிசை 40 சதவீதம் வரை கூடலாம்.

அந்தச் சொரசொரப்பைத்தான் உங்கள் மகள் கணக்கில் கொண்டுவரப் பார்க்கிறாள். நீர் உறைய வேண்டுமானால் அதன் உள்ளுறை வெப்பம் வெளியேற வேண்டும். பரப்பு சொரசொரப்பானால் அதை ஒட்டி ஓடும் காற்று சீக்கிரமே கொந்தளிப்பாகி, வெப்பத்தை வேகமாக வாரிக்கொண்டு போகும். பனி எங்கே, எந்த வடிவில் வளரும் என்பதே மாறிவிடும். வழவழப்பான பரப்பு என்று வைத்துக் கணக்கிட்டால் விடை தவறாகத்தான் வரும். 1933-ல் நிக்குராட்சே என்ற ஆய்வாளர் குழாய்களுக்குள் மணலை ஒட்டிச் செய்த சோதனைகளிலிருந்து வந்த 'சமான மணல் உயரம்' (இந்தச் சொரசொரப்பு எந்த அளவு மணலுக்குச் சமம் என்பது) என்ற அளவையே இன்றும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேடுகளில் காற்று முட்டுவதால் இழுவிசை கூடும். ஆனால் வெளியேறும் வெப்பம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. திருத்தம் போடாவிட்டால் வெளியேறும் வெப்பத்தைக் கணினி மிகையாகக் காட்டும். உள்ளே கூப்பிட்டுக் கேட்டதும் இறுதியாண்டு மாணவி இதை எனக்குத் தெளிவாக விளக்கினாள் என்றால், அவளை வேறு பக்கம் இழுக்க யாருக்கும் உரிமை இல்லை.

பனி உறைதல் என்றே பெயர் போட்ட வேலைகள் இந்தியாவில் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இதற்காக அவள் கற்கும் சிஎஃப்டி, அதாவது பாய்மங்களின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் திறன், டர்பைன், கார், காற்றாலை என எல்லா இடத்திலும் வேண்டும். நீங்கள் இருக்கும் ஊரிலேயே என்ஏஎல் (தேசிய விமான ஆய்வகம்), விமானம் தயாரிக்கும் எச்ஏஎல், ஏர்பஸ், போயிங் எல்லாம் இருக்கின்றன.

இப்போது செய்ய வேண்டியது, எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு. மெக்கானிக்கல் தாளிலேயே எழுதலாம். நல்ல மதிப்பெண் வந்தால் ஐஐஎஸ்சி, ஐஐடிகளில் எம்.டெக்.; மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அதுவரை ஓப்பன்ஃபோம், எஸ்யூ2 என்ற சிஎஃப்டி மென்பொருள்கள் இரண்டையும் பழகட்டும், இரண்டுமே இலவசம். நாகா 0012 என்ற, பலரும் சோதித்துப் பார்த்த இறக்கை வடிவத்தை எடுத்து, வழவழப்பாக ஒரு முறை, சொரசொரப்பாக ஒரு முறை கணக்கிட்டு, வெளியான சோதனை முடிவுகளோடு ஒப்பிடட்டும். நேர்முகத்தில் சான்றிதழ்களைவிட அந்த வரைபடம் அதிகம் பேசும். இந்தக் கணக்கீட்டுக்கு அடிப்படையான பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில் கொஞ்சம் தடுமாறுகிறாள். அதை என்பிடெல் இணைய வகுப்புகளில் சரிசெய்துகொள்ளலாம்.

அப்புறமும் வெளிநாடு போக வேண்டும் என்று அவளே கேட்டால், எம்.டெக். முடித்து, உதவித்தொகையோடு வரும் ஆராய்ச்சி இடங்களுக்கு விண்ணப்பிக்கட்டும். அதற்கு வீட்டுப் பத்திரம் தேவைப்படாது.