இடித்துக் கட்டுவதா, மராமத்துப் பார்ப்பதா? என்.எச்.எல். (வட அமெரிக்க லீக்) ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அணி இரண்டு சீசனாக பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக் கட்டச் சுற்றுகள்) பக்கமே போகவில்லை. எல்லாரையும் விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா, இருப்பதைச் சரிசெய்வதா? எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: புள்ளிப்பட்டியலை ஓரமாக வையுங்கள். ஐந்து இடங்களை மட்டும் பாருங்கள்: முதல் இரண்டு தாக்குதல் வரிசைகளில் நடுவில் ஆடும் சென்டர்கள், முதல் டிஃபன்ஸ் ஜோடி, கோலி. ஒவ்வொருவருக்கும் வயது என்ன, ஒப்பந்தம் எத்தனை வருடம் பாக்கி என்று எழுதுங்கள். மூன்று பேராவது 28 வயதுக்குள் இருந்து, ஒப்பந்தமும் மூன்று வருடம் இருந்தால் மராமத்து போதும். இரண்டு சென்டர்களும் 30 தாண்டி, பின்னால் வருபவரும் யாருமில்லை என்றால் இடித்துத்தான் கட்ட வேண்டும். ஓரத்தில் ஆடும் விங்கரைச் சந்தையில் வாங்கிவிடலாம். நல்ல சென்டர் விற்பனைக்கு வருவது அபூர்வம்.

கேள்வி: கடைசி இடம் பிடித்தால் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது இளைஞர்களை எடுப்பது) முதல் ஆளை எடுத்துவிடலாம்தானே?

பதில்: இல்லை. யார் முதலில் எடுப்பது என்று குலுக்கும் லாட்டரியில் கடைசி அணிக்கு முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம்தான். மூன்றாம் இடத்துக்குக் கீழே இறங்காது, அவ்வளவே. எடுப்பதும் 18 வயதுப் பையனை.

கேள்வி: அப்படியென்றால் பஃபலோ சேபர்ஸ் அணி 2024-25 வரை ஏன் எழவே இல்லை? நல்ல பையன்கள்தானே கிடைத்தார்கள்?

பதில்: கிடைத்தார்கள். 2015இல் ஜாக் ஐகல் இரண்டாவது ஆளாக, 2018இல் ராஸ்மஸ் டாலினும் 2021இல் ஓவன் பவரும் முதல் ஆளாக. ஆனாலும் 2011-12 முதல் 2024-25 வரை 14 சீசன் பிளேஆஃப் இல்லை. லீக் வரலாற்றில் இதுவே மிக நீண்டது. சென்டர் அபூர்வம் என்றேன் அல்லவா? அவர்கள் 2018இல் ரயன் ஓரைலியை விற்றார்கள், 2021இல் ஐகலையும் சாம் ரெய்ன்ஹார்ட்டையும் விற்றார்கள். ஓரைலி 2019இல் செயின்ட் லூயிஸிலும், ஐகல் 2023இல் வேகஸிலும், ரெய்ன்ஹார்ட் 2024இல் ஃப்ளோரிடாவிலும் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்கள். ஆளைத் தேர்ந்தெடுத்தது தவறில்லை. பயிற்சியாளரையும் மேலாளரையும் மாற்றிக்கொண்டே இருந்து, அனுபவமுள்ள ஆட்களைப் பக்கத்தில் வைக்காமல் விட்டதுதான் கெடுத்தது. வேதனையான கதை.

கேள்வி: மராமத்து எங்கேயாவது பலித்திருக்கிறதா? வாஷிங்டனைச் சொல்கிறார்கள், ஆனால் அவர்களுடைய நட்சத்திரம் ஓவெச்கினுக்கு வயதாகிவிட்டதே?

பதில்: அவர் விங்கர், என் ஐந்தில் வரமாட்டார். 2023-24இல் 91 புள்ளியோடு தட்டுத்தடுமாறி பிளேஆஃப் நுழைந்து, ரேஞ்சர்ஸிடம் நான்கு ஆட்டமும் தோற்ற அணி அது. அந்தக் கோடையில் வாங்கியது எல்லாம் சரியான இடத்துக்கு: சென்டர் பியர்-லூக் டுபுவா, டிஃபன்ஸில் ஜேக்கப் சிக்ரன், கோலி லோகன் தாம்சன். மூவரும் 28க்குள். தாம்சனுக்குக் கொடுத்தது இரண்டு மூன்றாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் மட்டுமே. அடுத்த சீசனில் 111 புள்ளி, லீக்கின் கிழக்குப் பிரிவில் முதலிடம். ஆபத்தும் இருந்தது: டுபுவா சோபிக்காமல் போயிருந்தால் வருடம் 85 லட்சம் டாலர் 2031 வரை கழுத்தில் தொங்கியிருக்கும்.

கேள்வி: விற்பதென்றால் எப்படி?

பதில்: ஒப்பந்தம் முடியும் ஆட்களை, மார்ச்சில் வரும் வீரர் மாற்றக் காலக்கெடுவுக்குள். விற்ற பிறகும் அவர்கள் சம்பளத்தில் 50 சதவீதம் வரை நீங்களே ஏற்றால் விலை ஏறும். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்குத்தான் அப்படிச் செய்ய முடியும், ஒப்பந்தம் முடியும்வரை அந்த இடமும் அடைபட்டிருக்கும். நீண்ட ஒப்பந்தத்துக்கு அந்த இடத்தைச் செலவழிக்காதீர்கள்.